மோட்டார் ரூமில் ஒரு குடித்தனம்

ஜூன் 9, ஞாயிறு

காலையில் மோட்டார் போடக் கொல்லைக்குப் போனேன். மோட்டார் ரூமுக்குள் ஒரு பூச்சி. பூச்சி என்று சொன்னால் அதற்கே கோபம் வரும் போல, அவ்வளவு பெரிசு. கறுப்பு உடம்பு, வயிற்றில் மட்டும் ஒரு ஆரஞ்சுப் பட்டை. என் முகத்துக்கு நேராக வந்து நின்று, யார் நீ என்று விசாரித்துவிட்டு மூலைக்குப் போனது. வீட்டு வரி கட்டுகிறவள் நான். என்னை இது விசாரிக்கிறது.

மதுரையில் இருந்தவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிடையர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். அங்கே கரப்பான்பூச்சிதான் உண்டு, அதற்கும் ஆளைக் கண்டால் ஓட வேண்டும் என்ற அடக்கம் உண்டு. ரிடையர் ஆனதும், எங்க ஊரு தஞ்சாவூர்க் காத்து மாதிரி வருமா என்று இவர் பாடிய பாட்டை நம்பி, ஊர்க்கோடியில் இருக்கும் இந்த நகருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. காற்று வருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். காற்றோடு இதுகளும் வருகின்றன.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கதண்டு மாதிரி இருக்கு தமயந்தி. கிட்டப் போவாத. நாலஞ்சு சேந்து கொட்டுனா ஆளையே சாச்சுப்புடும்."

இவருக்குத் தெரிந்த பூச்சிகள் கொசு, ஈ, எறும்பு. கூட்டுறவுச் சங்கத்தில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு வந்தவர் திடீரென்று பூச்சி நிபுணர் ஆகிவிட்டார். சரி சரி என்று உள்ளே அனுப்பினேன்.

இட்லி மாவு சரியாகப் புளிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மோட்டார் ரூம் கூரையின் மூலையில் அது கூடு கட்டுகிறது. எலுமிச்சம்பழ அளவுக்கு மண் நிறத்தில் ஓர் உருண்டை, கீழே மூக்கு மாதிரி ஒரு குழாய். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மதில் சுவருக்கு மேல் அஞ்சுகத்தின் தலை முளைத்தது. அடுத்த வீட்டுக்காரி. கண்ணில் புரை, ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆனாலும் மற்றவர்கள் வீட்டில் நடப்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரியும்.

"என்னக்கா அது, குளவிக் கூடா? ஐயோ, கலைச்சுப்புடாதீங்க. குளவி கூடு கட்டுனா அந்த வீட்டுல புள்ள பொறக்கும்!"

"எனக்கு அறுபத்திரண்டு வயசு, அஞ்சுகம். அவருக்கு அறுபத்தாறு. யாருக்குப் பொறக்கப்போகுது?"

"ஒங்களுக்கா சொன்னேன்? மருமவளுக்குக்கா."

என் அப்பா கருப்புச் சட்டைக்காரர். ராகு காலத்தில், ஐயர் இல்லாமல், ஆடி மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டவள் நான். என்னிடம் வந்து குளவி ஜோசியம் சொல்கிறாள். இந்த ஜனங்கள் செல்போனில் உலகத்தையே பார்க்கிறார்கள், மூளை மட்டும் இன்னும் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது.

என் மகன் இளம்பரிதிக்கும் வினோதினிக்கும் கல்யாணமாகி ஆறு வருடம். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கியது. ஒன்று மூன்றாம் மாதம் போனது, அடுத்தது நாலாம் மாதம். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூட்டைத் தட்டிவிடப் போனேன். மூலை எட்டவில்லை. ஸ்டூலைப் போட்டால் ஸ்டூல் ஆடுகிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூன் 12, புதன்

ஸ்டூல் ஆடுகிறது.

ஜூன் 23, ஞாயிறு

இவர் விடமாட்டேன் என்கிறார். "இப்ப எடுத்தா சுலபம். தாய்ப்பூச்சி ஒண்ணுதான் இருக்கு. குஞ்சு பொரிச்சுட்டா கிட்டயே போவ முடியாது."

ஒரு வாயில்லாத ஜீவன் கஷ்டப்பட்டுக் கட்டுகிறது, அதைப் போய்க் கெடுப்பானேன் என்று சொன்னேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போன மாதம் பொறியில் விழுந்த எலியை நான் வாளித் தண்ணீரில் அமுக்கியது ஞாபகம் வந்திருக்கும். பேப்பருக்குள் போய்விட்டார். ஸ்டூலும் ஆடுகிறது என்று பேப்பருக்குக் கேட்கும்படி சொல்லி வைத்தேன்.

மத்தியானம் வேலை இல்லை. பீரோவில் கிடந்த இவருடைய பழைய வேட்டிகளை எடுத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்தேன். தரை துடைக்க. வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் போட்டு எடுத்தேன். துவைத்துத் துவைத்து நைந்த துணி, கையில் வைத்தால் பூ மாதிரி இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

பெங்களூரிலிருந்து பரிதி பேசினான். மனிதர்கள் வாயைத் திறந்ததுமே சாவா, கல்யாணமா, வெறும் அரட்டையா என்று கண்டுபிடிக்கிற காது எனக்கு. இலாகா எனக்குக் கொடுத்த ஒரே உபயோகமான பயிற்சி அதுதான். முன்பு இரண்டு முறையும் "அம்மா" என்று அவன் சொன்ன விதத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் இது வேறு.

"வினோ கன்சீவ் ஆயிருக்காம்மா. எட்டு வாரம். யார்கிட்டயும் இப்ப சொல்ல வேணாம்."

"சரி. உடம்பைப் பாத்துக்கச் சொல்லு. அடுப்புல பால் இருக்கு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். போய்ப் பார்த்தால் அடுப்பில் ஒன்றும் இல்லை.

எட்டு வாரம் என்றால், டாக்டர்கள் கூட்டிச் சொல்கிற இரண்டு வாரத்தைக் கழித்தாலும், பூச்சி இங்கே வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஆகியிருக்கிறது. ஆகவே பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டதாக யாரும் நினைக்க வேண்டாம், சும்மா மனசில் தோன்றியது.

இவரிடம் சொன்னேன். எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மோட்டார் ரூமுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து முகம் கழுவினார். வேலையற்ற மனிதர்.

ஜூலை 21, ஞாயிறு

தேங்காய் பறிக்க வந்த ஆள் கூட்டைப் பார்த்துவிட்டு, "இது வெனையில்ல புடிச்சது, பந்தம் கட்டி எரிச்சுப்புடவாம்மா?" என்று கேட்டான். வந்த வேலையைப் பார் என்று சொன்னேன். அவன் பந்தம் கட்டினால் கூரையும் போகும், கறிவேப்பிலை மரமும் போகும். எல்லோருக்கும் அடுத்தவர் வீட்டில் தீ வைக்க அவ்வளவு ஆசை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மோட்டார் போடுகிற வேலையை இவர் தன் இலாகாவாக எடுத்துக்கொண்டுவிட்டார். மூங்கில் கழியின் முனையில் ரப்பர்த் துண்டைக் கட்டி, கதவுக்கு வெளியே நின்றே சுவிட்சைத் தட்டுகிறார். "நீ இனிமே அந்தப் பக்கமே வராத" என்று அதிகாரம் வேறு. கல்யாணமான நாள் முதல் ஒரு பல்பு மாற்றாதவர். அதிகாரம் செய்ய ஒரு மோட்டார் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. தினமும் காலையும் மாலையும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பட்டாளத்துக்குப் போகிற மாதிரி போகிறார்.

முருங்கைக்காய் முற்றல். சாம்பார் வீண்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கூடு இப்போது உரிக்காத தேங்காய் அளவு இருக்கும். கொல்லைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். மண் இல்லை. பழைய அட்டையை மென்று துப்பி ஒட்டிய மாதிரி வரிவரியாக இருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் ஏழெட்டு போய்வருகின்றன. குளவி இப்படிக் கூட்டமாகக் குடித்தனம் நடத்தாது என்று எனக்கும் தெரியும். எனக்குக் கண் இருக்கிறது, அஞ்சுகத்துக்குத்தான் இல்லை.

"ஃபயர் சர்வீசுக்கு ஒரு போன் போட்டா வந்து எடுத்துட்டுப் போவாங்க தமயந்தி" என்று இவர் இன்றைக்கும் ஆரம்பித்தார். பூட்ஸ் காலோடு வந்து கீரைப் பாத்தியை மிதிப்பார்கள் என்றேன்.

உண்மைக் காரணத்தை எழுதிவிடுகிறேன். இவர் முதல் நாள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால், அப்புறம் இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது. அதனால்தான் போன் செய்யவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

வினோதினிக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டதாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வினோதினி வந்துவிட்டாள். டாக்டர் அலையக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பரிதிக்கு ஆபீஸ். அவளுக்கு அம்மா இல்லை, காலேஜ் படிக்கும்போதே போய்விட்டார். ஆகவே இங்கே. பரிதி காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

மகாராணி இரண்டு தலையணை, ஒரு லேப்டாப், ஏழு நிற பாட்டில்களோடு வந்திருக்கிறாள். சின்ன வெங்காயம் உரிக்கச் சொன்னால் ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆகிறது, அதிலும் பாதி வெங்காயம் தோலோடு போகிறது. வேண்டாம், போய்ப் படு என்று அனுப்பினேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. தலையணையைக் காலுக்கு வைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை, நான் போய் வைத்துவிட்டு வந்தேன்.

கொல்லைப்பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பாம்பு இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அஞ்சுகம் மதிலுக்கு மேல் முளைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மத்தியானம் வினோதினி கேட்டாள்.

"அத்தை, பின்னாடி இருக்கறது பாம்பு இல்லையாமே. குளவிக் கூடாமே?"

"அஞ்சுகம் பேத்துறதெல்லாம் காதுல வாங்காதே."

"சேச்சே, நான் போய் அதெல்லாம் நம்புவேனா அத்தை? சும்மா கேட்டேன்."

நல்லது. ஆனால் நாற்காலியை முன் ரூமிலிருந்து பின் ரூம் ஜன்னலுக்கு மாற்றியிருக்கிறாள். அங்கிருந்து மோட்டார் ரூம் கதவு நேராகத் தெரியும். அங்கேதான் சிக்னல் நன்றாக வருகிறதாம். டெலிபோன் இலாகாவில் இருந்த என்னிடமே சிக்னல் கதை.

தரை துடைக்கும் துணிகளுக்கு மிஷினில் ஓரம் அடித்தேன். நூல் பிரியாமல் இருக்கும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஒரு மருந்துச் சீட்டுக்குப் பின்னால் எழுதுகிறேன்.

காலையில் டேங்க் காலி. இவர் கழியால் தட்டி மோட்டாரைப் போட்டார். ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. உள்ளே போய்க் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். இவர் குடத்தோடு வாசலிலேயே நின்றார். "எவ்வளவு நேரம் வேடிக்கை பாப்பீங்க? அந்தப் பொண்ணு குளிக்க வேணாமா?" என்று நான்தான் கத்தினேன். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

குடம் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இவர் வெளியே வந்தார், தலையைச் சுற்றிக் கறுப்பாக. சத்தம் கேட்டு வினோதினி கொல்லை வாசல்படிக்கு வந்துவிட்டாள். இவர் வீட்டைப் பார்த்து ஓடி வந்தவர் அவளைப் பார்த்தார். பார்த்ததும் திரும்பி வாழைக்கொல்லைப் பக்கம் ஓடினார்.

"கதவச் சாத்து! கதவச் சாத்து தமயந்தி!"

வாசல் பத்தடியில் இருக்கிறது. புத்தி உள்ளவர்கள் வீட்டுக்குள் ஓடி வருவார்கள், வாழைக்குள்ளா ஓடுவார்கள்? நான் வினோதினியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். இவர் வெளியே இருக்கும்போது கதவைச் சாத்தியது நான்தான்.

அஞ்சுகத்தின் மகன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் இவரைத் தூக்கி வந்து காரில் போட்டான். தலை, கழுத்து, காது எல்லாம் கொட்டு. முகம் யாரோ மாதிரி ஆகிவிட்டது. "கதண்டு விஷம்மா. கிட்னிய பாதிக்காம இருக்கணும். ரெண்டு மூணு நாள் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். மகன் வயசுதான் இருக்கும், அவருக்கும் கதண்டு தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

சிறுநீர் சரியாகப் போகிறதாம். நர்ஸ் வந்து சொன்னாள். இந்தச் செய்திக்காக ஒரு மனுஷி காத்திருப்பாள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இவர் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஏறுச்சா?"

"ஏறலை. அஞ்சுகம் வீட்டுலேர்ந்து குடத்துல எடுக்கறோம். கேக்கறார் பாரு கேள்வி."

கொஞ்ச நேரம் கழித்து, "நீ அத ஏன் விட்டு வெச்சேன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்? ஸ்டூல் ஆடுச்சு, அதான் ஏறலை."

"ஸ்டூலு ஆடல தமயந்தி. நீ சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே காலுக்கு ஆப்பு வெச்சு ஆணி அடிச்சுட்டேன். நீ ஏறிப் பாக்கவே இல்ல."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி ஜன்னலில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது, எதிர்க் கட்டடத்துச் சுவர்தான்.

"அதுக்கப்புறம் பரிதி போன் பண்ணுனான். எனக்கும் கைய வெக்க மனசு வல்ல" என்றார். வீங்கிய உதட்டால் பேசுவதற்கு அவருக்கு நேரமாயிற்று. "இனிமே வேணாம். அந்தப் புள்ள அங்க இருக்கு. போன் போட்டுரு."

செப்டம்பர் 25, புதன்

பரிதி ராத்திரி பஸ்ஸில் வந்து அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நான் வீட்டுக்கு வந்தேன். தீயணைப்பு நிலையத்து நம்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வினோதினி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, பிப்ரவரில பிரசவம் ஆகற வரைக்கும் விட்டுடலாம் அத்தை. நான் முன் ரூமை விட்டு வெளிலயே வரமாட்டேன். ஜன்னல்கூடத் திறக்கமாட்டேன். தண்ணிக்கு லாரி சொல்லிக்கலாம்."

"உன் மாமனார் ஆஸ்பத்திரியில கிடக்கறார்."

"தெரியும் அத்தை. நான் ரொம்ப மோசம். ஆனா அதைக் கலைச்சா..." என்று நிறுத்திவிட்டாள்.

"நீ படிச்சவதானே?"

"படிச்சுட்டுத்தான் அத்தை ரெண்டு தடவை போச்சு."

எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இன்ஜினியரிங் படித்தவள், பெங்களூரில் பத்துப் பேரை மேய்க்கிறவள், பூச்சிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். நான் ஜூனிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள், அதுதான் ஆத்திரம். அறிவியல் பேசினால் இவளிடம் எடுபடாது. என்னிடமே எடுபடவில்லை.

டிரங்க் கால் காலத்தில், லைன் கிடைக்காதபோது "ஒரு நிமிஷத்துல கிடைச்சிடும் சார்" என்று ஒரு குரலில் சொல்வோம். அந்தக் குரலைக் கேட்டால் எதிர்முனை அடங்கிவிடும். அந்தக் குரலை எடுத்தேன்.

"முழுசாத் தெரியாம பேசாதே. கூடு கட்டுறது கரு தங்குறதுக்கு. நாலு மாசம் தாண்டிட்டா அதோட வேலை முடிஞ்சுது. அப்புறம் எரிச்சுடணும். வெச்சிருந்தாத்தான் ஆகாது. எங்க மதுரைப் பக்கம் அதுதான் முறை."

"நிஜமாவா அத்தை?"

"பரிதி வயித்துல இருந்தப்போ எங்கம்மா எரிச்சாங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ உடனே கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட்டேன்.

அப்பா மட்டும் உயிரோடு இருந்திருந்தால் என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பார். ஒரு மூடநம்பிக்கையை ஒழிக்க இன்னொன்றை உற்பத்தி செய்திருக்கிறேன். சாயங்காலம் மதிலோரம் போய் அஞ்சுகத்திடம், வினோ கேட்டால் ஆமாம் என்று சொல் என்றேன்.

"அப்பிடி ஒரு வழக்கத்த நான் கேட்டதே இல்லியேக்கா?"

"இப்பக் கேட்டுட்டல்ல?"

செப்டம்பர் 26, வியாழன்

பொழுது சாயும் நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். கீரைப் பாத்தியை மிதித்தார்கள், நான் சொன்னபடியே. உடம்பு முழுக்க மூடிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே போய்ப் பந்தத்தைக் காட்டினார்கள். முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். வினோதினியை முன் ரூமில் உட்காரவைத்து டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு நான் கொல்லைக் கதவு இடுக்கில் நின்றேன்.

கூடு விழுந்து உடைந்தது. உள்ளே அடுக்கடுக்காக அறைகள், ஒவ்வொரு அறையிலும் வெள்ளையாக ஒரு குஞ்சு. ரொம்ப நேரம் பார்க்கவில்லை. உள்ளே போய் ரசத்துக்குப் புளி ஊறவைத்தேன்.

"எல்லாம் முடிஞ்சுதா அத்தை?"

"முடிஞ்சுது. இனிமே நல்லா தூங்கு."

செப்டம்பர் 28, சனி

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் வற்றிப் பழைய லட்சணத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதிலும் பெரிய லாபம் இல்லை.

நலம் விசாரிக்க வந்த தெருப் பெண்களிடம் அஞ்சுகம் வாசலில் நின்று பிரசங்கம் செய்கிறாள். "கூடு கட்டுனா கலைக்கக் கூடாது, ஆனா நாலு மாசம் தாண்டுனா எரிச்சுப்புடணும். அதுக்குன்னு ஒரு மொறை இருக்குல்ல? எங்க ஆத்தா காலத்துலேர்ந்து இதான் வழக்கம்." எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நான் புதன்கிழமை செய்து கொடுத்த சரக்கு சனிக்கிழமைக்குள் பரம்பரை வழக்கம் ஆகிவிட்டது. இந்த ஊரில் எதையும் விற்கலாம்.

அக்டோபர் 3, வியாழன்

வினோதினி நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் இரண்டும் இல்லை. அவள் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் நேரமானால் நான் கதவுக்கு வெளியே ஏதாவது சாமானை உருட்டிக்கொண்டு நிற்கிறேன். அவளுக்குச் சொல்ல நான் ஒருத்தி இருந்தேன். எனக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

காலையில் மதிலோரம் போனேன். அஞ்சுகம் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசம் தாண்டுனா எரிக்கலாம்னு உங்க ஆத்தா சொன்னதா சொன்னியே. நெசமாவே சொன்னாங்களா?"

கையில் வற்றலோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். புரைக் கண்தான், ஆனாலும் எனக்குத் தலையைக் குனிய வேண்டும் போல இருந்தது.

"ஆமாக்கா" என்றாள். "எரிச்சா ஒண்ணும் ஆவாதுன்னு ஆத்தா வாயாலயே சொல்லுச்சு. கவலப்படாம போய் வேலையப் பாருங்க."

பச்சைப் பொய். என் சரக்கை எனக்கே திருப்பி விற்கிறாள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மோட்டார் இப்போது நான்தான் போடுகிறேன். இவர் கழியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், கழியைப் பிடுங்கி விறகுக்குப் போட்டேன்.

காலையில் மூன்று பேரும் சாப்பாட்டு ரூமில் இருந்தோம். இவர் காபியில் சர்க்கரை இல்லை என்று முனகினார், உயிர் பிழைத்ததே பெரிது, சர்க்கரை வேறு வேண்டுமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வினோதினி பால் டம்ளரோடு எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டம்ளர் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் பால்.

"என்னம்மா? என்ன பண்ணுது? வலிக்குதா?"

"இல்ல அத்தை. உதைக்குது." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "இங்க பாருங்க. இங்க."

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளங்கையில் ஒரு தட்டு. நன்றாகவே தட்டியது. யார் நீ என்று அதுவும் விசாரிக்கிறது. நான் கையை எடுக்கவில்லை.

இவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, பாதியிலேயே நின்று, "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருங்க மாமா, கீழ பால், வழுக்கிடும்" என்று வினோதினி அலமாரியைத் திறந்து, மேல் தட்டில் அடுக்கியிருந்த வேட்டித் துணியில் ஒன்றை எடுத்தாள்.

"அதை எடுக்காதே!"

நான் போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிட்டுவிட்டாள். மதிலுக்கு மேல் அஞ்சுகத்தின் தலைகூட வந்துவிட்டது.

"தரை துடைக்கத்தானே அத்தை? நீங்கதானே சொன்னீங்க?"

அவள் துணியைப் பிரித்தாள். நான்கு பக்கமும் ஓரம் அடித்திருப்பதைப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அலமாரியில் மடித்து அடுக்கியிருந்த மற்றவற்றையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், பேப்பர் ஆடிக்கொண்டிருந்தது.

துணியை அவள் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்ப மேல் தட்டில் வைத்தேன். கீழே உட்கார்ந்து, பாலை என் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.